பம்பாயில் இதழியற் கல்வியும் தமிழ்ச் செய்தி மொழியும்

0. முன்னுரை

இதழியல் பல்கலைக்கழகப் பாடமாக ஏற்கப்பெற்றது இருபதாம் நூற்றாண்டில்தான். அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகத்தில் 1908-இலும், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1912-இலும் இதழியற் பள்ளிகள் தோன்றின. இந்தியாவில் அன்னி பெசன்ட் 1920-இல் அடையாற்றுத் தேசியப் பல்கலைக்கழகத்தில் இதனைப் பாடமாக்க முயன்றார். லாகூரிலிருந்த பஞ்சாப் பல்கலைக்கழகம் 1941-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1947-இலும் இதழியற் படிப்பினைத் தொடங்கின. அதற்குள் தமிழ் நாளிதழ் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலத்தைக் கடந்துவிட்டது. எனவே தமிழ்ச் செய்தி மொழி பல்கலைக்கழகத்தில் பிறந்ததன்று. செய்தியறையில், மொழிபெயர்ப்பு மேசையில் பிறந்ததாகும்.

இவ்விரு பயிற்சிக் களங்களும் எங்கே சந்தித்தன, எங்கே சந்திக்கத் தவறின என்பதனை அறிவதற்குப் பம்பாய் ஏற்ற களமாகும். அந்நகரின் ஆங்கில இதழியலை வளர்த்தவர்களுள் தமிழர் பலர். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகள் தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்துவருவன. இதழியற் பட்டப்படிப்பும் பிற்காலத்தில் அப்பகுதிகளின் வாயிலுக்கே வந்து சேர்ந்தது. ஆயினும் அப்படிப்புத் தமிழ்ச் செய்தி மொழிக்கு ஆக்கம் தந்ததா என்பது தனியே ஆராயத்தக்க வினாவாகும்.

1. செய்தியறை என்னும் பள்ளி

1885 டிசம்பரில் பம்பாயில் கூடிய முதற் காங்கிரஸ் மாநாட்டில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். அவர் 1878-இல் தொடங்கிய 'தி இந்து' ஆங்கிலம் அறிந்தோர்க்குரியதாக இருந்தது. 1882-இல் அவர் தொடங்கிய 'சுதேசமித்திரன்' 1899-இல் நாளிதழாயிற்று. நாள்தோறும் ஆங்கிலத்தில் வந்த தந்திச் செய்திகளை அன்றைக்கன்றே தமிழாக்க வேண்டிய தேவை அப்போது எழுந்தது. 1904 நவம்பரில் அங்கு உதவியாசிரியராகச் சேர்ந்த பாரதியாரின் முதன்மைப் பணி மொழிபெயர்ப்பே ஆகும். 'மெம்பர்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருத்தமான தமிழ்ச்சொல்லைத் தேடிப் பல சொற்களை எண்ணிப் பார்த்து, எதுவும் நிறைவு தராமையால் இறுதியில் 'மெம்பர்' என்றே எழுதிய அனுபவத்தை அவர் பிற்காலத்தில் பதிவுசெய்துள்ளார். இன்று 'உறுப்பினர்' என்பது எவர்க்கும் விளங்கும் சொல்லாகியுள்ளது. இத்தகைய சொற்களை நாள்தோறும் ஆண்டு பழக்கியதில் நாளிதழ்களின் பங்கு பெரிது.

இம்முறை பின்னரும் தொடர்ந்தது. 1942-இல் மதுரையில் 'தினத்தந்தி'யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், தம் இதழில் பணியாற்றுவோர்க்கெனக் கையேடு ஒன்று எழுதி, மக்கள் வழங்கும் எளிய சொற்களையே ஆளுமாறு பயிற்றினார். தில்லி வானொலியின் தமிழ்ச் செய்திப் பிரிவில் பணிபுரிந்தோரின் பதவிப் பெயரே 'செய்தி வாசிப்பாளர், மொழிபெயர்ப்பாளர்' என இரண்டினையும் இணைத்ததாக அமைந்திருந்தது. செய்தி நிறுவனங்களுள் யு.என்.ஐ. 1982-இலும், பி.டி.ஐ. 1986-இலும் இந்தியில் செய்திச் சேவையைத் தொடங்கின. தமிழுக்கு அத்தகைய சேவையை அவை தொடங்கவில்லை. ஆகவே தமிழகத்திற்கு வெளியே நிகழும் செய்தியைத் தமிழில் தருபவர், பெயரளவில் உதவியாசிரியராயினும் செயலளவில் மொழிபெயர்ப்பாளராகவே இருந்துவந்தார்.

2. சதானந்தும் பம்பாய்த் தமிழரின் ஆங்கில இதழியலும்

பம்பாயில் இப்பயிற்சி வேறொரு வடிவம் பெற்றது. சென்னை மாகாணத்தவரான எஸ். சதானந்த் இந்தியர்க்கே உரிய செய்தி நிறுவனம் ஒன்றை நிறுவ முயன்றவர். ஆங்கிலேயர் சார்புடைய செய்தி நிறுவனங்களுக்கு மாற்றாக அவர் 'ஃப்ரீ பிரஸ் ஆஃப் இந்தியா'வை நடத்தினார். 1928-இல் பம்பாயில் அவர் தொடங்கிய செய்தி வெளியீடு 'ஃப்ரீ பிரஸ் ஜர்னல்' என்னும் நாளிதழாக வளர்ந்தது. முறையான இதழியற் படிப்பு இல்லாத அக்காலத்தில் அவ்விதழின் அலுவலகமே இளைஞர் பலர்க்குப் பள்ளியாயிற்று. மைசூர்த் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ஆர்.கே. லட்சுமணும், மராத்தியரான பால் தாக்கரேயும் அங்குக் கேலிச்சித்திரம் வரைந்தனர்.

மொழி வரலாற்று நோக்கில் சதானந்தின் மற்றொரு பணி இதனினும் குறிப்பிடத்தக்கது. 1934 செப்டம்பர் 11-ஆம் நாள், பாரதியார் நினைவு நாளில், சென்னையில் 'தினமணி' அவரது நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம். 1933-இல் 'மணிக்கொடி'யைத் தொடங்கிய மூவருள் அவரும் ஒருவர். ஏனைய இருவர் கு. சீனிவாசனும் வ.ரா.வும் ஆவர். சொக்கலிங்கம் தமிழ் நாளிதழுக்குச் சென்றார். 'ஸ்டாலின்' சீனிவாசன் எனப்பெற்ற கு. சீனிவாசனோ பம்பாய் சென்று ஆங்கில இதழ்ப் பணியில் ஈடுபட்டார். ஒரே இலக்கிய முயற்சியில் கைகோத்தவர்களுள் ஒருவர்க்குத் தமிழும் மற்றவர்க்கு ஆங்கிலமும் தொழில் மொழியாயின. பம்பாய் தமிழர்க்கு அளித்த இதழியல் வாழ்வு பெரிதும் ஆங்கில வாழ்வே என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இவ்வாங்கிலத் தேர்ச்சி அலுவலக வேலைகள் பலவற்றிலும் தென்னிந்தியர்க்கு இடம் தேடித் தந்தது. எதிர்ப்பையும் உடன் கொணர்ந்தது. தாக்கரே 1960-இல் தொடங்கிய 'மார்மிக்' என்னும் மராத்தி வார இதழ், அலுவலகங்களில் பணியாற்றிய தென்னிந்தியர் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது. 1966-இல் சிவசேனை தோன்றியது. தமிழர் ஆங்கிலத்தில் பெற்றிருந்த செல்வாக்கு, மராத்தியரோடு மராத்தியில் உரையாடும் இதழியலாக வளராமற் போனதன் இழப்பு அப்போது வெளிப்பட்டது.

3. பல்கலைக்கழகம் வந்த வழி

விடுதலைக்குப் பின்னர்ப் பம்பாயில் இதழியற் பயிற்சியைத் தனி நிறுவனங்களே முதலில் ஏற்றன. 'பாம்பே கிரானிக்கிள்' ஆசிரியர் பி.ஜி. ஹார்னிமன் பெயரால் ஓர் இதழியற் கல்லூரி நடைபெற்றது. பாரதிய வித்யா பவனும் இதழியற் பட்டயப் படிப்பினை நடத்தியது. 1969-இல் சேவியர் தகவல் தொடர்பு நிறுவனம் தோன்றியது. இவை பெரும்பாலும் நகரின் தென்பகுதியில் அமைந்திருந்தன; பட்டம் பெற்ற பின்னர்ப் பயில்வனவாகவும் இருந்தன.

2000-ஆம் ஆண்டையொட்டி மும்பைப் பல்கலைக்கழகம் வெகுசன ஊடகவியல் என்னும் மூன்றாண்டு இளநிலைப் பட்டப்படிப்பினை அறிமுகப்படுத்தியபோது நிலைமை மாறியது. 2019-இல் இது பெயர் மாற்றம் பெற்றது. மாட்டுங்காவிலுள்ள ரூயா கல்லூரி, தாராவியை அடுத்த சயானிலுள்ள தென்னிந்தியக் கல்விச் சங்கக் கல்லூரி, செம்பூரிலுள்ள விவேகானந்தர் கல்விச் சங்கக் கல்லூரி ஆகியவை இதனை நடத்தலாயின. இறுதியாண்டில் மாணவர் விளம்பரவியல், இதழியல் ஆகிய இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பர். படித்து முடித்தோர்க்கு நாளிதழ், தொலைக்காட்சி, விளம்பர நிறுவனம், மக்கள் தொடர்பு எனப் பல வாயில்கள் திறந்தன.

இப்பாடத்திட்டத்தில் மொழிபெயர்ப்புக்கு இடமுண்டு. மொழித்திறன் தாளில் ஆங்கிலம், இந்தி, மராத்தி ஆகியவற்றிற்கிடையே சிறு பகுதிகளை மொழிபெயர்க்கும் பயிற்சி வைக்கப்பெற்றது. மாநிலச் சூழலுக்கு அது பொருந்துவதே. ஆனால் தமிழ்ப் பகுதிகளை ஒட்டிய கல்லூரிகளில் பயிலும் தமிழ் மாணவர் தம் தாய்மொழிக்குச் செய்தியைப் பெயர்க்க அதில் வாய்ப்பில்லை.

தமிழகத்திலோ இதற்கு நேர்மாறான போக்குக் காணப்பட்டது. அங்குத் தமிழ்த்துறைகளே 'இதழியல்' என்னும் தாளைத் தம் பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொண்டன; மா.பா. குருசாமியின் 'இதழியல் கலை' போன்ற நூல்கள் அத்தாளுக்குத் துணை நின்றன. தமிழகத்தில் இதழியல் தமிழின் கிளையாயிற்று. மும்பையில் அது ஆங்கிலத்தின் கிளையாகவே நின்றது.

4. மூன்று பகுதிகள், மூன்று தமிழ்கள்

தாராவித் தமிழரில் பெரும்பகுதியினர் திருநெல்வேலிப் பகுதியினர். தோல் பதனிடும் தொழிலையொட்டிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அவர்கள் அங்குக் குடியேறினர். தாராவியின் முதற் பள்ளி 1924-இல் கட்டப்பெற்ற தமிழ்ப் பள்ளியே. மாட்டுங்கா, அலுவலகப் பணியாளரான நடுத்தரக் குடும்பத்தினரின் இடமாக வளர்ந்தது; தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கு 1932-இல் நிறுவப்பெற்றது. 1950-களில் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிறுவனமும் எழுந்த பின்னர்ச் செம்பூரில் தமிழ்க் குடும்பங்கள் பெருகின.

இவ்வேறுபாடு கல்வி மொழியிலும் வெளிப்பட்டது. மாட்டுங்கா, செம்பூர்க் குடும்பங்களின் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலவழியில் பயின்றனர். தாராவிப் பிள்ளைகளுள் ஒரு பகுதியினர் மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் பயின்று, கல்லூரிக்குச் செல்லுகையில் ஆங்கிலத்திற்கு மாறினர். தமிழில் எழுதப் பழகியவர்க்கு ஊடகப் பட்டப்படிப்பின் ஆங்கிலம் தடையாயிற்று. ஆங்கிலம் கைவந்தவர்க்குத் தமிழ் எழுத்து அயலாயிற்று.

'தினகரன்', 'தினத்தந்தி' ஆகிய நாளிதழ்கள் மும்பைப் பதிப்புகளை வெளியிட்டன. 'தமிழ் இலெமூரியா' போன்ற திங்களிதழ்களும் அந்நகரத் தமிழரிடையே தோன்றின. இவற்றிற்குத் தேவைப்பட்டவர் மராத்தியில் நடைபெறும் மாநகராட்சிக் கூட்டத்தைக் கேட்டுத் தமிழில் எழுதவல்லவர். விளம்பரத் துறையிலும் இத்தேவை உண்டு. நாடு முழுமைக்குமான விளம்பரங்கள் பல மும்பையில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ உருவாகிப் பின்னர்த் தமிழாக்கம் பெறுகின்றன. தமிழறிந்த ஊடகப் பட்டதாரிக்கு இவ்விரண்டும் இயல்பான தொழில்களாகும். எனினும் இவற்றிற்குரிய பயிற்சியை அவர் தம் முயற்சியாலேயே பெற வேண்டியுள்ளது.

5. சொல்லால் நேரும் இழப்பு

மொழிபெயர்ப்புப் பயிற்சியின்மை வெறும் நடைக்குறை அன்று என்பதைத் தாராவி மறுமேம்பாட்டுத் திட்டச் செய்திகள் புலப்படுத்துகின்றன. 2004-இல் தொடங்கப்பெற்ற இத்திட்டம் பலமுறை தடைப்பட்டது. 2022 நவம்பரில் திறக்கப்பெற்ற ஒப்பந்தப்புள்ளியில் அதானி குழுமம் முன்னிலை பெற்றது. 2024 மார்ச்சில் வீடுதோறும் கணக்கெடுப்புத் தொடங்கியது.

மராத்தி ஆவணங்களில் 'புனர்விகாஸ்', 'புனர்வசன்' என்னும் இரு சொற்கள் தெளிவாக வேறுபடுத்தி ஆளப்படுகின்றன. முன்னது நிலத்தையும் கட்டடத்தையும் மீண்டும் மேம்படுத்துவது. பின்னது மக்களை மீண்டும் குடியமர்த்துவது. தமிழில் மறுசீரமைப்பு, புனரமைப்பு, மறுமேம்பாடு, மறுவாழ்வு ஆகிய சொற்கள் ஒன்றற்கொன்று மாற்றாக வழங்குவதால் இவ்வேறுபாடு மறைகிறது. நிலம் மேம்படுகிறதா, மக்கள் குடியமர்கிறார்களா என்பதே தாராவியில் வாழ்வோரின் முதல் வினா.

'பாத்ர', 'அபாத்ர' என்னும் மராத்திச் சொற்கள் இன்னும் நுட்பமானவை. ஆங்கிலச் செய்தியின் வழியே இவை தமிழில் 'தகுதியுள்ளவர்', 'தகுதியற்றவர்' என வருகின்றன. தமிழில் தகுதி என்பது ஒருவரது பண்பையும் தரத்தையும் சுட்டும் சொல். திட்ட விதி கருதுவதோ குடியிருப்பின் நாளையும் தளத்தையும் மட்டுமே. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வாழ்வோர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு விலையின்றி உரியது. அந்நாளுக்குப் பின் 2011 ஜனவரி 1 வரை குடியேறியோர்க்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி வீடு இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு வழங்கப்பெறும். மேல்தளத்தினர்க்கு வாடகையொடு கூடிய கொள்முதல் முறை வகுக்கப்பெற்றுள்ளது. 'தகுதியற்றவர்' எனப் படிப்பவர் தமக்கு எதுவுமே இல்லை எனக் கருதிவிடக்கூடும். 'தாராவிக்குள் வீடு பெற உரியவர்', 'வெளியே வீடு பெற உரியவர்' எனப் பிரித்தெழுதின் பொருள் மயங்காது. எந்தத் தாளை எந்த அலுவலகத்தில் காட்ட வேண்டும் என்று ஒரு குடும்பம் முடிவுசெய்வது இச்சொற்களைக் கொண்டே.

'குடிசைப் பகுதி' என்னும் வழக்கும் இத்தகையதே. தாராவியின் 'கோலி' எனப்படும் ஓரறை வீடுகள் பல செங்கற் சுவரும் மேல்தளமும் உடையவை. கூரை வேய்ந்த குடிசைகள் அல்ல. சென்னையில் 1970-இல் தோன்றிய குடிசை மாற்று வாரியத்தின் வழியே இச்சொல் நிலைபெற்றது. அவ்வாரியமே 2021-இல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' எனப் பெயர் மாறிவிட்டது. தாராவித் தமிழர் பேச்சில் வழங்கும் கோலி, சால், பகடி போன்ற சொற்கள் அந்நகர வாழ்வின் உடைமை முறைகளைக் குறிப்பன. 'பகடி' என்பதனை 'முன்பணம்' என்று மட்டும் பெயர்த்தால், அதனைக் கொடுத்தவர்க்கு அவ்வீட்டில் உள்ள உரிமை செய்தியிலிருந்து மறைந்துவிடுகிறது.

2000-இல் வெளிவந்த தாராவி பற்றிய கல்பனா சர்மாவின் ஆங்கில நூல், இதழாளர் ஒருவரின் களப்பணி ஒரு பகுதியின் மதிப்பையே மாற்றிக்காட்ட வல்லது என்பதற்குச் சான்றாகும். அத்தகைய களப்பணி அப்பகுதியில் பேசப்படும் தமிழிலும் நிகழ வேண்டுவதே எஞ்சிய பணி.

6. முடிவுரை

பம்பாய்த் தமிழர் இதழியல் வரலாற்றிலிருந்து பெறப்படும் கருத்து ஒன்றே. தமிழ்ச் செய்தியாளரின் உண்மையான தொழிற்கல்வி மொழிபெயர்ப்பே ஆகும். செய்தியறை அதனைப் பெயர் சொல்லாமல் கற்பித்தது. பல்கலைக்கழகம் இதழியலைக் கற்பித்தபோது அதனை ஆங்கிலம், இந்தி, மராத்தி ஆகியவற்றோடு நிறுத்தியது. மாட்டுங்கா, சயான், செம்பூர்க் கல்லூரிகளின் மொழித்திறன் தாளில் தமிழையும் ஒரு விருப்ப மொழியாகச் சேர்ப்பதற்குப் புதிய துறையோ பெருஞ்செலவோ வேண்டியதில்லை. மராத்தியிலிருந்து ஆங்கிலத்தின் இடையீடின்றி நேரே தமிழுக்குச் செய்தி பெயர்க்கும் பயிற்சியும், நிலம், வீடு, மாநகராட்சி ஆகியவை குறித்த மராத்தி-தமிழ்ச் சொற்பட்டியலும் முதலில் வேண்டப்படுவன. அச்சொற்பட்டியலைத் தொகுப்பது மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய பணியாகும். கணக்கெடுப்பின் முடிவுகள் வீடுவீடாக வந்துசேரும் இக்காலத்தில் அது காலம் தாழ்த்தத்தக்கதன்று.