குறுக்கிட்டுப் பேசிய பெண்

மேலாண்மைக் கல்லூரிகளிலும் மொழி வகுப்புகளிலும் சேர்ந்த புதிதிலேயே ஒரு தாளைக் கொடுத்து, நீங்கள் எந்த வகையில் கற்பவர் என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அந்தத் தாளின் வேர், 1946 கோடையில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நடந்த ஒரு பயிற்சி முகாமில் இருக்கிறது.

இன, மதப் பகைமையைத் தணிக்க உழைப்பவர்களுக்கான முகாம் அது. நடத்தியவர் கர்ட் லெவின், ஹிட்லர் பதவிக்கு வந்த 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூத உளவியலாளர். பகலில் ஆசிரியர்களும் சமூகப் பணியாளர்களும் குழுக்களாகப் பேசுவார்கள், ஆய்வாளர்கள் குறிப்பெடுப்பார்கள். இரவில் லெவின் குழு அந்தக் குறிப்புகளை அலசும். ஓர் இரவு, பயிற்சிக்கு வந்த சிலர் தாங்களும் உட்கார்ந்து கேட்கலாமா என்றார்கள். லெவின் சம்மதித்தார். அங்கிருந்த ஒரு பெண் பகலில் நடந்துகொண்ட விதத்தை ஆய்வாளர் விவரிக்க, அந்தப் பெண்ணே குறுக்கிட்டு, அது அப்படியல்ல என்று தன் பக்கத்தைச் சொன்னார். விவாதம் சூடு பிடித்தது. லெவின் அடக்கவில்லை, துருவித் துருவிக் கேட்டார். அடுத்த இரவுகளில் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

பட்டதை உடனுக்குடன் பேசி, பிறர் கண்ணாலும் பார்த்துக் கற்கும் முறைக்கு அங்கே வழி பிறந்தது. 1947 பிப்ரவரியில் லெவின் காலமானார். அந்தக் கோடையில் சகாக்கள் மெய்ன் மாநிலத்துப் பெத்தெலில் அதைத் தொடர்ந்தார்கள்.

பின்னாளில் எம்.ஐ.டி.யில் நிர்வாகவியல் கற்பித்த டேவிட் கோல்ப், லெவினையும் கல்விச் சிந்தனையாளர் டூயி, குழந்தை உளவியலாளர் பியாஜே ஆகியோரையும் அடியொற்றி ஒரு சுழற்சியை வகுத்தார்: அனுபவப்படுவது, அசைபோடுவது, கருத்தாக்குவது, செய்துபார்ப்பது. 1970களில் வந்த அவருடைய முதல் தாளில் ஒன்பது வரிசைகள், வரிசைக்கு நான்கு சொற்கள். உணர்தல், கவனித்தல், சிந்தித்தல், செய்தல் என்பது ஒரு வரிசை. தனக்குப் பொருந்தும் முறையில் எண் போட்டுக் கூட்டினால் நான்கு வகைகளில் ஒன்று கிடைக்கும்.

கோல்புக்கு அந்தச் சுழற்சியின் நான்கும் எல்லோரும் கடக்கவேண்டிய கட்டங்கள். வகுப்பறையிலோ வகைதான் தங்கிவிட்டது. பல நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் இடத்தில் இது கெடுதல் என்றே நான் நினைக்கிறேன். வியட்நாமிலிருந்து வந்த மாணவி வாய் திறக்காவிட்டால், 'கவனிப்பவர்' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். ஆங்கிலச் சொல் கிடைக்காமல் அவர் திணறிக்கொண்டிருக்கலாம்; தாய்மொழியில் முதல் ஆளாக வாதிடுபவராகவும் இருக்கலாம். வகைக்கேற்பக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று ஹெரால்ட் பாஷ்லரும் சக ஆய்வாளர்களும் 2008இல் எழுதிவிட்டார்கள். குழுவேலை முடிந்த கையோடு, நடந்ததை நீ எப்படிப் பார்த்தாய் என்று அந்த மாணவியிடமே கேட்டு, பதிலுக்குக் காத்திருக்கும் ஆசிரியர்தான் லெவின் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்.