செம்பும் அலுமினியமும்: மரக்காணம் காற்றில் இரு ஏசிகள்

மரக்காணம் பக்கம் வீட்டுக்கு ஏசி வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் அறையின் நீள அகலம் கேட்பார். மேலே மொட்டை மாடியா, இன்னொரு தளமா என்பார். மூன்று ஸ்டாரா, ஐந்து ஸ்டாரா என்பார். வீட்டிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று கேட்பவர் அரிது. இந்தக் கரையில் ஏசியின் ஆயுளைத் தீர்மானிப்பதே அந்தத் தூரம்தான். தூரம் தெரிந்தால்தான் அடுத்த கேள்விக்கு விடை சொல்ல முடியும்: அவுட்டோர் பெட்டிக்குள் இருக்க வேண்டியது காப்பர் காயிலா, அலுமினியம் காயிலா? தவணையில் வாங்கிய ஏசிக்குத் தவணை முடிவதற்குள்ளேயே காயில் மாற்றப் பணம் தேடுவது ஒரு சாதாரணக் குடும்பத்துக்குப் பெரிய அடி. அதனால்தான் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் காற்றைப் பார்ப்போம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு மரக்காணம் என்றதும் சாலையோரத்து உப்புக் குவியல்கள்தான் நினைவுக்கு வரும். அந்த உப்பளப் பாத்திகளிலிருந்து பறந்து வரும் உப்புதான் இரும்பைத் தின்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் காற்றில் இருக்கும் உப்பில் பெரும்பங்கு அலையிலிருந்து வருவது. அலை உடையும்போது நுரைக்குமிழிகள் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத துளிகளாகக் காற்றில் ஏறுகின்றன. கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள் அதில் பெரும்பகுதி படிந்துவிடும். உள்ளே போகப் போக அளவு வேகமாகக் குறையும். ஆனால் கழுவேலி ஏரியும் கழிமுகமும் உப்பளமுமாக மரமில்லாமல் விரிந்து கிடக்கும் இந்த நிலத்தில் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. தோப்புகள் நிறைந்த வேறொரு கரையைவிட இங்கே உப்பு இன்னும் கொஞ்ச தூரம் உள்ளே வரும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

படிந்த உப்பு காய்ந்து கிடந்தால் அவ்வளவு கெடுதல் இல்லை. அது ஈரமாகவே இருப்பதுதான் கெடுதல். இதற்கான காரணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் பாமே மானியில் நீர் 25 டிகிரியைத் தொடும்போது உப்பு விளையத் தொடங்கும். 29, 30 டிகிரி நெருங்கும்போது மிச்ச நீரை வெளியேற்றிவிடுவார்கள். அந்த நீரில் மக்னீசிய உப்புகள் திரண்டிருக்கும். அது கலந்தால் உப்பு கசக்கும், எப்போதும் நசநசவென்றிருக்கும். தூய சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீர்விடும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதம் போதும். காயிலின் மேல் வந்து படிவது எதையும் பிரித்தெடுக்காத முழுக் கடல் உப்பு. கடலோரத்தில் ஈரப்பதம் 33 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆக, கழுவாமல் விட்ட காயில் பகலிலும் இரவிலும் உப்புநீர்ப் படலத்தை உடுத்தியபடியே நிற்கிறது.

இப்போது காயில்களுக்கு வருவோம். அறையின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு வரும் வாயு, அவுட்டோர் காயிலுக்குள் ஓடும்போது வெப்பத்தை வெளிக்காற்றிடம் விட்டுத் திரவமாகிறது. கடையில் ‘காப்பர் காயில்’ என்று சொல்வது முழுவதும் செம்பு இல்லை. வாயு ஓடும் குழாய் செம்பு. அதில் வரிசையாகக் கோக்கப்பட்ட மெல்லிய தகடுகள், அதாவது ஃபின்கள், அலுமினியம். ஒரு ஃபினின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். அலுமினியம் காயிலில் குழாயும் ஃபினும் ஒரே உலோகம். அதிலும் ‘மைக்ரோசேனல்’ என்ற வகையில் குழாய்க்குப் பதிலாக, உள்ளே நுண்துளைகள் கொண்ட தட்டையான பட்டைகள் இருக்கும். கார் ஏசிகளில் பல காலமாகப் பயன்பட்டு, பிறகு வீட்டு ஏசிக்கு வந்த அமைப்பு அது.

காப்பர் காயில் உப்புக்காற்றில் எப்படிச் சாகிறது என்பதை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். சில வருடங்கள் கடலைப் பார்த்தபடி நின்ற அவுட்டோரின் பின்பக்கம் ஃபின்களின் ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். விரலால் தொட்டால் தகடு சுண்ணாம்பாக உதிரும். உள்ளே செம்புக் குழாய் முழுதாகவே இருக்கும். அதைப் பிடித்திருக்க வேண்டிய தகடுதான் இருக்காது. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்புநீரும் இருந்துவிட்டால் அங்கே ஒரு மின்கலம் உருவாகிறது. அதில் கரைந்துபோவது அலுமினியம், செம்பு தப்பித்துக்கொள்ளும். இது ஏசிக்கு மட்டும் வந்த நோய் இல்லை. 1886-ல் நியூயார்க் துறைமுகத்தில் நிறுவிய சுதந்திர தேவி சிலைக்கு வெளியே செம்புத் தோல், உள்ளே இரும்புச் சட்டம். கடற்காற்று உள்ளே புகுந்து இரும்பை அரித்ததால், நூற்றாண்டு விழாவுக்கு முன்பு 1980-களில் அந்த இரும்புப் பட்டைகளைக் கழற்றித் துருப்பிடிக்காத எஃகு போட வேண்டிவந்தது.

ஃபின் உதிர்ந்த காப்பர் ஏசி உடனே நின்றுவிடாது. வெப்பம் வெளியேற வழி குறைவதால் கம்ப்ரஸர் அதிக நேரம் திணறும், கரண்ட் பில் ஏறும், அறை குளிர நேரமாகும். நோய் மெல்ல வளரும். கவனித்தால் இடையிலேயே பிடித்துவிடலாம்.

அலுமினியம் காயிலுக்குள் இந்த இரு உலோகச் சண்டை இல்லை. இதைச் சொல்லித்தான் கடலோரத்துக்கு அலுமினியமே நல்லது என்று சிலர் விற்கிறார்கள். பாதி உண்மை அது. அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே ஒரு பாதுகாப்புப் படலம் இருக்கிறது. குளோரைடு அந்தப் படலத்தை ஊசி குத்தினாற்போலச் சில இடங்களில் மட்டும் துளைக்கும். காப்பர் காயிலில் ஃபினில் விழுகிற அடி, இங்கே வாயு ஓடும் பட்டையிலேயே விழலாம். பட்டையின் சுவரோ மிக மெல்லியது. ஒரு துளை போதும், கேஸ் முழுவதும் போய்விடும். இன்னொரு பலவீனமான இடம் இணைப்பு. காயில் அலுமினியமாக இருந்தாலும் அதிலிருந்து வீட்டுக்குள் போகும் குழாய் பெரும்பாலும் செம்புதான். இரண்டும் சேரும் மூட்டில் உறை கிழிந்தாலோ பூச்சு விட்டுப்போனாலோ, ஒழித்துவிட்டதாகச் சொன்ன அந்த மின்கலம் அங்கே பிறந்துவிடும்.

செம்பு வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்பது கடையில் தவறாமல் கேட்கும் வாதம். உலோகமாகப் பார்த்தால் சரிதான். செம்பின் கடத்துதிறன் அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆனால் மைக்ரோசேனலின் அமைப்பு அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகிறது. அதனால் இந்த வாதத்தை நான் பொருட்படுத்துவதில்லை. ஸ்டார் லேபிளும் இங்கே உதவாது. மின்சாரச் சேமிப்புக்கு அது நல்ல வழிகாட்டி. ஆனால் அது புத்தம்புது இயந்திரத்தை ஆய்வுக்கூடத்தில் அளந்து, ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்ட கணக்கு. மூன்று கோடை உப்புக்காற்று குடித்த காயிலின் நிலை அந்தக் கணக்கில் இல்லை. ஃபின் உதிர்ந்த ஐந்து ஸ்டார் ஏசி ஐந்து ஸ்டாராக ஓடாது.

இரண்டுக்கும் இடையே தீர்ப்பு சொல்ல எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது பழுதுபார்ப்பு. செம்புக் குழாயில் ஓட்டை விழுந்தால், சோப்பு நுரை வைத்தோ நைட்ரஜன் அழுத்தம் கொடுத்தோ இடத்தைக் கண்டுபிடித்து, பிரேசிங் ராடு வைத்துப் பற்றவைத்து, வேக்யூம் போட்டு, கேஸ் ஏற்றிவிடலாம். திண்டிவனத்திலும் புதுச்சேரியிலும் நல்ல மெக்கானிக்குகளுக்கு இது அன்றாட வேலை. (இன்றைய ஏசிகளில் பரவலாக உள்ள ஆர்32 தீப்பற்றக்கூடிய வாயு. மிச்ச கேஸை முழுதாக எடுத்த பிறகே நெருப்பு வைக்க வேண்டும் என்று வீட்டுக்காரரும் நினைவுபடுத்துவது நல்லது.) அலுமினியம் உருகும் சூடும் அதைப் பற்றவைக்கும் சூடும் மிக நெருக்கம். கொஞ்சம் கை தவறினால் ஓட்டை பெரிதாகும். மைக்ரோசேனலின் நடுப்பட்டையில் கசிவு என்றால் பெரும்பாலும் முழுக் காயிலையும் மாற்றுவதுதான் வழி. அது நகரத்துக் கிடங்கிலிருந்து வரும் வரை சித்திரை வெயிலில் காத்திருக்க வேண்டும்.

அலுமினியத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும். கழிமுகச் சேற்றிலிருந்து அழுகிய முட்டை வாடை வருமே, அது ஹைட்ரஜன் சல்பைடு. அது செம்பைக் கறுக்கச் செய்து அரிக்கும். அலுமினியத்தை அவ்வளவாகத் தொடாது. கழியை ஒட்டியபடி, அந்த வாடை தினமும் வீசும் இடத்தில் வீடு இருந்தால் செம்பின் மேன்மை குறைந்துவிடும். தொழிற்சாலையிலேயே எபாக்சிப் பூச்சில் முழுக்காட்டி எடுத்த அலுமினியம் காயில், பூச்சில்லாத காப்பர் காயிலைவிட அதிக நாள் நிற்கவும் கூடும். ‘ப்ளூ ஃபின்’, ‘கோல்டு ஃபின்’ என்ற பூச்சுப் பெயர்களைக் கண்டு மட்டும் மயங்க வேண்டாம். வெறும் ஃபினுக்கு அவை மேல்தான். ஆனால் பூசிய தகட்டை வெட்டித் துளையிட்ட பிறகு வெட்டு விளிம்புகள் பூச்சில்லாமலே நிற்கும். உப்பு அங்கேதான் முதலில் கடிக்கிறது. கோத்து முடித்த பிறகு முழுக் காயிலுக்கும் பூசியதா என்று கேளுங்கள்.

எந்தக் காயிலானாலும் சரி, அதை எந்தச் சுவரில் மாட்டுகிறோம் என்பது காயில் தேர்வுக்குச் சமமான முடிவு. கோடையில் காலை மேல்காற்று அடித்தாலும் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். ஆகவே கிழக்குச் சுவரும் வடக்குச் சுவரும் உப்பு அதிகம் வாங்கும். மேற்குச் சுவர்தான் மறைவு. அங்கே சாயங்கால வெயில் அடிக்கும் என்பார்கள். வெயிலுக்கு மேலே ஒரு சன்ஷேடு போட்டுவிடலாம். உப்புக்குக் கூரை போட முடியாது. பெட்டியைச் சுற்றி மட்டும் அடைக்கக் கூடாது. காற்று போக வர இடம் வேண்டும். ஏசி ஓடாத மாதங்களில் பிளாஸ்டிக் சுற்றி வைப்பதும் தவறு; உப்பும் ஈரமும் உள்ளேயே அடைபட்டு வேகும். இரும்பு ஆங்கிள் ஸ்டாண்டு இங்கே காயிலுக்கு முன்பே போய்விடும். கான்கிரீட் பலகை நல்லது, இல்லையென்றால் 316 தர எஃகு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததைப் பார்த்தவர்களுக்கு, தாழ்ந்த நிலத்தில் தரையோடு அவுட்டோர் வைக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது கழுவுதல். மாதம் ஒருமுறை, மெயினை அணைத்துவிட்டு, மெல்லிய பீச்சலில் நல்ல தண்ணீரால் பின்பக்கத்தைக் கழுவினால் இரண்டு வகைக் காயிலுக்கும் ஆயுள் கூடும். போர் தண்ணீர் உவர்ப்பாக உள்ள வீடுகளில் அதையே பீச்சினால் உப்பின் மேல் உப்பு வைத்ததாகும். மழைநீரைப் பிடித்து வைக்கலாம். ஏசியிலிருந்து சொட்டும் நீரையும் பயன்படுத்தலாம். காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த அந்த நீரில் உப்பு அநேகமாக இல்லை, புழுக்கமான இரவில் நிறையவே கிடைக்கும். அதிக அழுத்தப் பம்பு ஃபினை வளைக்கும். ஆசிடும் காஸ்டிக்கும் பூச்சை உரிக்கும். சர்வீஸுக்கு வருகிறவர் இவற்றைக் கையில் எடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

என் தீர்ப்பு இது. கடலிலிருந்து முதல் ஒரு கிலோமீட்டருக்குள் வீடு என்றால், முழுக் காயிலுக்கும் பூச்சுள்ள காப்பர் வாங்குங்கள். மேற்குச் சுவரில் மாட்டுங்கள். அங்கே பூச்சில்லாத அலுமினியம் காயில், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கழி வாடை ஓயாத இடமென்றால் மட்டும், எபாக்சியில் முக்கியெடுத்த அலுமினியத்தையும் பரிசீலிக்கலாம். முப்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கும் திண்டிவனத்தில் எந்தக் காயிலும் போதும். அங்கே விலையும் ஸ்டாரும் பார்த்து வாங்கலாம். எங்கே வாங்கினாலும் பணம் கட்டும் முன் உத்தரவாத அட்டையைப் பிரித்துப் படியுங்கள். காயிலுக்கு எத்தனை வருடம், உப்புக்காற்றால் வந்த அரிப்பும் அதில் அடங்குமா என்று கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.