சரிபார்க்க வந்தவர்

பேரேட்டைச் சரிபார்த்தவன் பெயர் பேரேட்டில் இராது. எழுத்தராகிய நான் அறிந்த உண்மை இது. சில்லு வரலாறோ வேறு கூறுகிறது.

1969-இல் ஜப்பானியக் கணக்குப்பொறி நிறுவனமாகிய பிசிகாம், தன் பொறிகளுக்கெனத் தனிச் சில்லுகளை அமைத்துத் தருமாறு அமெரிக்காவின் இன்டெல் நிறுவனத்தை நாடியது. ஹாஃப், மேஸர் இருவரும் திட்டம் வகுத்தனர். 1970 ஏப்ரலில் பணியேற்ற ஃபஜீன் அதற்கு உருவம் தந்தார். வேலையின் வளர்ச்சியைச் சரிபார்க்க வந்த பிசிகாமின் ஷிமா, ஏதும் நடவாதது கண்டு சினந்தார். எனினும் பல திங்கள் அங்கேயே தங்கி, சுற்றமைப்பை வகுப்பதிலும் பிழை பார்ப்பதிலும் துணை நின்றார்.

ஆண்டிறுதியில் வந்த முதற் சில்லுகள் இயங்கவில்லை. ஆராய்ந்தபோது, உற்பத்தியில் ஓர் அடுக்கு விடுபட்டது தெரிந்தது. 1971 ஜனவரியில் வந்தவை இயங்கின. சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள் கொண்ட 4004 சில்லு அதுவே.

1997-இல் கியோட்டோப் பரிசு நால்வருக்கும் வழங்கப்பெற்றது. சரிபார்க்க வந்தவரும் அவருள் ஒருவர்!