சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோல்

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டார். "டைரக்ட் இஞ்செக்‌ஷன்" என்று இன்று காரின் பின்புறம் கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்கிறார்களே, அதன் பழைய கதையை எழுதுகிறேன். புதுச் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள், மாணவத் தம்பி தங்கைகளே!

நாங்கள் படித்தது கார்புரேட்டர். அதில் காற்றும் பெட்ரோலும் கலந்தே சிலிண்டருக்குள் போகும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் இதனால் ஒரு நஷ்டம். புகையை வெளியே தள்ள வரும் புதுக் கலவையில் கொஞ்சம், எரியாமலே புகையோடு ஓடிப்போகும். 1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் குட்பிராட், கோலியாத் கம்பெனிகள் தங்கள் சின்னக் கார்களில் பாஷ் பம்பை வைத்து இதைத் தடுத்தன. வெறும் காற்றால் புகையைத் தள்ளு, அப்புறம் பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சு! இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மன் விமான எஞ்சின்களில் பழகிய வித்தைதான்.

1954-இல் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். வந்தது. நாலு ஸ்ட்ரோக், 3 லிட்டர், 6 சிலிண்டர். சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர் வீதம் வைத்த பம்பு, டீசல் லாரிப் பம்புக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. சக்தி 215 குதிரை. அபாரம்! ஆனால் சாவியைத் திருப்பினால் தீப்பொறி நிற்கும், பம்பு நிற்காது. எஞ்சின் சுற்றி ஓய்கிறவரை பீய்ச்சிக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, மொத்த ஆயிலையும் நீர்க்க வைத்துவிடும். பெட்ரோலை உள்ளே அனுப்புவது சுலபம், நேரம் பார்த்து நிறுத்துவதுதான் கஷ்டம் என்பது என் கணிப்பு. இரும்புப் பம்புக்கு அந்த மூளை இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் துணையோடு 1996-இல் மிட்சுபிஷி தன் கேலன்ட் காரில் அதைச் சாதித்தது.

இப்போதைய ஏற்பாடு இதுதான். டாங்கிக்குள் இருக்கும் மின்சாரப் பம்பு பெட்ரோலை முன்னால் அனுப்பும். கேம் ஷாஃப்ட் ஓட்டும் இன்னொரு பம்பு அதை 200 பார், சில எஞ்சின்களில் 350 பார் அழுத்தத்துக்கு ஏற்றும். (கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான்!) பொதுக்குழாயில் காத்திருக்கும் பெட்ரோலை, கம்ப்யூட்டர் சொல்லும் கணத்தில் இஞ்செக்டர் திறந்துவிட்டு, சில மில்லி செகண்டில் மூடிவிடும். உள்ளே பெட்ரோல் ஆவியாகும்போது காற்று குளிர்வதால் நாக்கிங் குறையும், கம்ப்ரஷனைக் கூட்டலாம்.

குறை இல்லாமலா? இன்டேக் வால்வின் முதுகில் இப்போது பெட்ரோலே படுவதில்லை. கழுவ ஆளில்லாமல் அங்கே கரி படிகிறது. டொயோட்டா 2005-இல் சிலிண்டருக்குள் ஒன்று, வால்வுக்கு வெளியே ஒன்று என இரண்டு இஞ்செக்டர் வைத்த எஞ்சினைக் கொண்டுவந்தது. வெளியே பீய்ச்சும் பெட்ரோல் வால்வையும் கழுவிவிட்டுத்தான் உள்ளே போகிறது.