கங்கைக் கால்வாயின் கரை யாருக்குரியது?

தில்லியிலிருந்து ஹரித்வார் செல்லும் பழைய நெடுஞ்சாலை, மேல் கங்கைக் கால்வாயைப் பல இடங்களில் குறுக்கிடுகிறது. முராத்நகர், கதௌலி, ரூர்க்கி, ஜ்வாலாபூர் ஆகியவை அவற்றுள் சில. இவற்றில் எங்கே பேருந்தை விட்டிறங்கினாலும் சிறிது நேரத்தில் கால்வாய்க் கரையை அடைந்துவிடலாம். கரையின்மேல் வடக்கே நடந்தால் இமயத்தின் அடிவாரம்; தெற்கே நடந்தால் கரும்பு வயல்களும் சர்க்கரை ஆலைகளும். இன்று இது எளிய நடைபாதையாகத் தோன்றலாம். ஆனால் இந்தக் கரை பொதுமக்கள் நடப்பதற்காக எழுப்பப்பட்டதன்று. கங்கைக் கால்வாயைப் பற்றிய ஆய்வுகளில் பாசனம், நிலவரி, உவர் படிந்த நிலம் ஆகியவற்றுக்குக் கிடைத்த கவனம் கரைக்குக் கிடைக்கவில்லை. எலிசபெத் விட்கோம்பும் இயான் ஸ்டோனும் நடத்திய விவாதம் நீர் வயலுக்குச் சென்றபின் நேர்ந்தவற்றைப் பற்றியது. நீரின் இருமருங்கிலும் நடந்தவர்களின் வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது.

1837–38 பஞ்சத்தில் கங்கை–யமுனை இடைநிலத்தில் சுமார் 8 லட்சம் பேர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. அதன் பின்னரே கால்வாய்த் திட்டம் உறுதிபெற்றது. 1842 ஏப்ரலில் ப்ரோபி காட்லி தோண்டுதலைத் தொடங்கினார். கவர்னர் ஜெனரல் எல்லன்பரோவுக்கு இதில் ஆர்வமில்லை. ஹார்டிஞ்சின் காலத்தில்தான் வேலை வேகம் பெற்றது. 1854 ஏப்ரல் 8 அன்று ரூர்க்கியில் நீர் திறந்துவிடப்பட்டது.

காட்லியின் சிக்கல் நிலத்தை வெட்டுவதில் இல்லை. மழைக்காலத்தில் சிவாலிக் குன்றுகளிலிருந்து பாய்ந்திறங்கும் காட்டாறுகளைக் கடப்பதில் இருந்தது. ஹரித்வாருக்கும் ரூர்க்கிக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 30 கிலோமீட்டரைக் கரையோடு நடப்பவர், ஒரே சிக்கலுக்கு மூன்று வகைத் தீர்வுகளை வரிசையாகக் காண முடியும். ராணிப்பூர், பத்ரி என்னும் இரண்டு காட்டாறுகள் கால்வாயின் தலைக்குமேல் கட்டிய பாலங்களின் வழியே கடக்கின்றன. தனௌரியில் ரத்மௌ ஆறும் கால்வாயும் ஒரே மட்டத்தில் சந்திக்கின்றன. வெள்ளம் வரும்போது மதகுகளைத் திறந்து ஆற்றை அப்பால் கடத்திவிடுகிறார்கள். ரூர்க்கியை நெருங்கும்போது நிலைமை தலைகீழாகிறது: கீழே சோலானி ஆறு, மேலே கால்வாய். 50 அடி அகலமுள்ள 15 வளைவுகளின்மேல் நிற்கும் நீர்ப்பாலம் அது. மாத்தூர்த் தொட்டிப்பாலத்தைக் கண்டவர்களுக்கு இந்த ஏற்பாட்டைத் தனியே விளக்க வேண்டியதில்லை. பாலத்தின் இரு முனைகளிலும் காவலுக்கு அமர்த்தியதுபோல் சிங்கச் சிலைகள். முழுத் தொலைவையும் நடக்க இயலாதவர்கள், சாபிர் கலியரியின் தர்கா அமைந்துள்ள பிரான் கலியரிலிருந்து ரூர்க்கி வரையிலான பகுதியை மட்டும் நடக்கலாம். கால்வாயின் வரலாற்றுக்கு இதைவிடச் சுருக்கமான பாடநூல் இல்லை.

சோலானிப் பள்ளத்தாக்கை நிரப்ப மண் சுமந்த வண்டிகளை இழுப்பதற்காக, 1851 டிசம்பரில் இங்கே ஒரு நீராவி எஞ்சின் ஓடியது. பம்பாய்–தாணே ரயிலுக்கு ஓராண்டுக்கும் மேல் முந்தியது என்பதால், உள்ளூர்ப் பெருமிதத்தில் அந்த எஞ்சினுக்கு முதலிடம். செங்கல் அறுத்தவர்களுக்கு அத்தகைய இடம் கிடைக்கவில்லை. 1848–49இல் இக்கால்வாய்ப் பணியின் செங்கல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். யான் லூகாசன் 2006இல் அதைப் பற்றி விரிவாக எழுதும் வரை தொழிலாளர் வரலாற்றில் அது பெரிதாகப் பேசப்பட்டதில்லை. கூலிக்கு மண் சுமந்தவர்களும் செங்கல் சுட்டவர்களுமே இந்தக் கரையில் முதலில் நடந்தவர்கள். எஞ்சினை நினைவுகூரும் ஊர், அவர்களையும் நினைவுகூர்வதில் தவறில்லை.

கட்டுமானம் முடிந்தபின் கரைக்கு இரண்டு பணிகள் விதிக்கப்பட்டன. ஒன்று, படகை இழுப்போருக்கான தடம். கால்வாய் பாசனத்துக்கு மட்டுமன்றிப் போக்குவரத்துக்கும் திட்டமிடப்பட்டது. நீர் விழும் படிகளின் அருகே படகுகள் இறங்கி ஏறத் தனி வழிகள் அமைக்கப்பட்டன. ஆனால் கால்வாயின் சரிவு மிகுதி, நீரோட்டம் கடுமை. மரக்கட்டைகளும் மூங்கில் தெப்பங்களும் சிரமமின்றித் தெற்கே மிதந்து சென்றன. எதிரோட்டத்தில் படகை இழுத்து வருவது பெரும்பாடாயிற்று. கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் அணை கட்டிய ஆர்தர் காட்டன், 1860களில் காட்லியின் வடிவமைப்பைக் கடுமையாகச் சாடியபோது இந்தச் சரிவும் அவருடைய குற்றச்சாட்டுகளில் ஒன்றாக இருந்தது. இருவருக்கும் நடந்த துண்டுப்பிரசுரப் போரில் காட்டனின் தொனி அளவு மீறியதுதான். எனினும் சரிவைப் பொறுத்தவரை அவர் கூறியதில் உண்மை இருந்தது. 1860களின் இறுதியில் இப்பகுதிக்கு ரயில் வந்தபின் படகு மெல்ல மெல்லப் பின்தங்கியது.

மற்றொரு பணி, மேற்பார்வை. குதிரைமேல் அதிகாரி சென்று உடைப்பும் திருட்டுப் பாசனமும் நேராமல் பார்ப்பதற்கான வழி அது. அதற்கு நிழல் தர மரங்கள். அம்மரங்களும் புல்லும் துறைக்கு வருவாய். தங்குவதற்கு ஆய்வு மாளிகைகள், சௌக்கிகள். 1873ஆம் ஆண்டின் வட இந்தியக் கால்வாய், வடிகால் சட்டம் இந்த உரிமையை எழுத்தில் நிலைநிறுத்தியது. விதிகளுக்கு மாறாகக் கால்வாயின் கரைமீது செல்பவர், விலகுமாறு சொன்ன பின்னும் விலகாவிட்டால், அது குற்றம். கால்நடைகளையோ வண்டிகளையோ செலுத்துவதும் அவ்வாறே. அபராதம் 50 ரூபாய் வரை, சிறை ஒரு மாதம் வரை. உழவர் தம் வயலுக்குச் செல்லும் மிக நேரான வழி, சட்டத்தின் பார்வையில் அரசாங்கத்தின் தனிப்பாதையாக மாறியது.

ஆயினும் இந்த நீரைத் துறையால் முழுமையாகத் தனதாக்கிக்கொள்ள முடியவில்லை. அது கங்கை என்பதே காரணம். தொடக்கத்திலேயே ஹரித்வாரின் பண்டாக்கள் அணைக்கு எதிர்ப்புத் தெரிவித்தனர். காட்லி அவர்களைச் சமாதானப்படுத்த நீர் தடையின்றிச் செல்ல இடைவெளி விட இசைந்தார், படித்துறைகளையும் கட்டினார். பீம்கோடாவில் புதிய அணைப்பணி தொடங்கியபோது பிரச்சினை மீண்டும் எழுந்தது. மதன் மோகன் மாளவியாவின் முன்னெடுப்பில் நடந்த போராட்டத்தின் விளைவாக 1916 டிசம்பரில் அரசும் இந்துப் பிரதிநிதிகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். தடையற்ற இடைவெளியின் வழியே வினாடிக்கு குறைந்தது 1,000 கன அடி நீர் செல்ல வேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். அந்த உடன்பாடு ஆற்றைப் பற்றியது. கரையில் நடப்பதைப் பற்றியதன்று. ஆனால் கால்வாயில் ஓடுவதும் புனித நீரே என்ற நம்பிக்கைக்கு எந்த உடன்பாடும் தேவைப்படவில்லை. முராத்நகரில் இன்றும் கால்வாய்ப் படித்துறையில் நீராடுவோரைக் காணலாம். ஒரு பாசனக் கட்டுமானம் தீர்த்தமாக மாறியதைப் பொறியாளர்களின் அறிக்கைகள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. உண்மையில் கரையின் பிற்கால வரலாறு முழுவதும் அதிலிருந்தே கிளைக்கிறது.

ஆடி–ஆவணியை ஒட்டிவரும் சாவன் மாதத்தில், ஹரித்வாரில் கங்கை நீர் எடுத்துக் காவடி கட்டி, வெறுங்காலுடன் தம் ஊர்ச் சிவன் கோயிலுக்கு நடக்கும் வழக்கம் பழையது. 1980களின் இறுதிக்குப் பின் அது பெருந்திரள் யாத்திரையாக வளர்ந்தது. இன்று அதிகாரிகள் எண்ணிக்கையைக் கோடிகளில் கூறுகிறார்கள். நெடுஞ்சாலை தாங்காததால் கால்வாய்க் கரை காவடியாளர்களின் வழியாயிற்று. அதற்கு ‘காவட் பட்ரி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. சட்டம் தடுத்த கால்நடை, இவ்வாறு பக்தியின் பெயரால் அரசாங்கத்தின் ஏற்பாடாகவே மாறியது. அந்நாட்களில் பேருந்துகள் மாற்றுப்பாதையில் திருப்பிவிடப்படுவதால் தனியே நடக்க வருபவர் சாவனைத் தவிர்ப்பது நல்லது.

கால்களுக்குக் கிடைத்த உரிமை சக்கரங்களுக்கும் உரியதாயிற்று. ஒரு கரை தார்ச்சாலையாகி, ஆண்டு முழுவதும் வாகனங்கள் செல்லும் வழியாகிவிட்டது. எதிர்க்கரையிலும் முராத்நகர் முதல் புர்காஜி வரை 111 கிலோமீட்டருக்கு மற்றொரு சாலை திட்டமிடப்பட்டது. அதற்காக வெட்ட உத்தேசித்த மரங்களும் செடிகளும் ஒரு லட்சத்துக்கும் மேல். 2024இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதைத் தானாக விசாரணைக்கு எடுத்துக்கொண்டபின், எண்ணிக்கையைச் சுமார் 33 ஆயிரமாகக் குறைத்ததாக உத்தரப் பிரதேச அரசு தெரிவித்தது. அவ்வாண்டு ஆகஸ்டுக்குள் 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட்டிருந்தன. இச்சாலைக்குச் சொல்லப்படும் நியாயம், நடப்பவர்களின் வசதி. வெறுங்காலுடன் வெயிலில் நடப்பவருக்கு நிழலைவிடப் பெரிய வசதி எது என்ற கேள்வி திட்ட அறிக்கைகளின் வரம்புக்குள் வருவதில்லை போலும்.

ஆண்டுதோறும் தசராவிலிருந்து தீபாவளி வரை தூர்வாருவதற்காகக் கால்வாயை மூடுகிறார்கள். ஹரித்வாரில் வறண்ட படுகையில் இறங்கிப் பக்தர்கள் எறிந்த நாணயங்களைத் தேடுவோரைக் காணலாம். மற்ற நாட்களில் நீருக்கடியில் மறைந்திருக்கும் செங்கல் வேலை வெளியே தெரியும் வாரங்களும் அவையே. ரூர்க்கிப் பேருந்து நிலையத்தில் இறங்கிச் சோலானிப் பாலம் வரை நடந்து செல்ல அதைவிடப் பொருத்தமான காலம் வேறில்லை.