பந்து, கூம்பு, பச்சை மதில்: நம் வெயிலுக்கு ஏற்ற வடிவச் செடிகளும் கவாத்து முறையும்

வரிசை வீடுகளின் முன்வாசலிலும் கோயில் வளாகங்களிலும் பந்து போலவும் கூம்பு போலவும் கத்தரித்து வைத்த செடிகளைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த அழகில் மயங்கி நாற்றுப் பண்ணையிலிருந்து ஒரு ஜோடி வாங்கி வந்து வாசலின் இருபுறமும் வைப்பவர்கள் உண்டு. முதல் சில மாதங்கள் நன்றாக இருக்கும். பிறகு பந்து உருக்குலைந்து புதராகும். அல்லது அடிப்பகுதி இலையுதிர்ந்து மொட்டையாகி மேலே மட்டும் குடை போல் நிற்கும்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் கவனக்குறைவு அல்ல. நம் தட்பவெப்பத்திற்கும், வீட்டில் உள்ளவர்கள் ஒதுக்கக்கூடிய நேரத்திற்கும் பொருந்தாத செடியைத் தேர்ந்தெடுப்பதே காரணம்.

பாக்ஸ்வுட் ஏன் இங்கு சரிப்படாது?

செடியை உருவமாகக் கத்தரிக்கும் கலை ஐரோப்பாவில் மிகப் பழையது. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி, தமது கிராமத்து மாளிகைத் தோட்டத்தில் பாக்ஸ்வுட் செடிகள் விலங்கு உருவங்களாகவும் எழுத்து வடிவங்களாகவும் வெட்டப்பட்டிருந்ததைக் கடிதமொன்றில் விவரித்துள்ளார். இங்கிலாந்தின் லெவன்ஸ் ஹால் மாளிகையில் 1690களில் அமைக்கப்பட்ட வடிவத் தோட்டம் இன்றும் பராமரிக்கப்படுகிறது.

பாக்ஸ்வுட்டின் இலை சிறியது, நெருக்கமாக வளரும், வளர்ச்சி மிக மெதுவானது. ஆண்டுக்கு ஓரிரு முறை கத்தரித்தாலே உருவம் நிற்கும். ஆனால் அந்த மெதுவான வளர்ச்சிக்குக் குளிர்காலமும் ஒரு காரணம். ஆண்டில் சில மாதங்கள் அச்செடி ஓய்வெடுக்கிறது. ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் நிறைந்த நம் தாழ்நிலங்களில் அந்த ஓய்வு அதற்குக் கிடைக்காது. ஈர மண்ணில் வேர் அழுகலும் இலையில் பூஞ்சை நோயும் எளிதில் பற்றும்.

ஐரோப்பாவிலேயே இன்று பாக்ஸ்வுட்டுக்குச் சோதனைக் காலம். 1990களில் தெரியவந்த இலைக்கருகல் பூஞ்சை ஒருபுறம், கிழக்காசியாவிலிருந்து 2000களில் அங்கு சென்று பரவிய ஓர் அந்துப்பூச்சியின் புழு மறுபுறம் என இரண்டும் சேர்ந்து பழைய தோட்டங்களைச் சேதப்படுத்தியுள்ளன. அங்குள்ளவர்களும் மாற்றுச் செடி தேடிக்கொண்டிருக்கிறார்கள். இங்குள்ள கடைகளில் ‘பாக்ஸ்வுட்’ என்ற பெயரில் விற்கப்படும் பச்சைப் பலகைகளும் பந்துகளும் பெரும்பாலும் நெகிழியில் செய்தவை என்பதையும் வாங்குவோர் அறிந்திருப்பது நல்லது.

நமக்குத் தெரிந்த கவாத்து

செடியைக் கத்தரித்து வடிவில் நிறுத்தும் வேலை தோட்டப்புறத் தமிழர்களுக்குப் புதிதல்ல. கேமரன் மலையில் 1929இல் தொடங்கப்பட்ட போ தேயிலைத் தோட்டத்திலும் பிற தேயிலைத் தோட்டங்களிலும் அவ்வேலையைச் செய்தவர்களில் தமிழர்கள் பலர். தேயிலையை அதன் போக்கில் விட்டால் பல மீட்டர் உயரமுள்ள மரமாகிவிடும். மலைச்சரிவில் இடுப்பளவில் மேசை போல் தட்டையாகத் தெரியும் பச்சைப் பரப்பு, இடைவிடாமல் கொழுந்து கிள்ளியும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்தும் உருவாக்கியது.

அந்த வேலை சொல்லித்தரும் பாடங்கள் மூன்று. நுனியைக் கிள்ளினால் கீழே உறங்கும் மொட்டுகள் விழித்து ஒரு கிளை இரண்டாகப் பிரியும். செடி அடர்த்தியாவது இப்படித்தான். இலை முழுவதையும் வழித்துவிட்டால் செடி உணவு தயாரிக்க வழியின்றித் தளரும். எவ்வளவு ஒழுங்காகக் கிள்ளினாலும் செடி ஆண்டுக்காண்டு சற்றே பெரிதாகும். எனவே ஒரு கட்டத்தில் ஆழமாக வெட்டிப் புதுப்பிக்க வேண்டும். வீட்டு முற்றத்துப் பந்துச் செடிக்கும் இவை மூன்றும் அப்படியே பொருந்தும்.

எந்தச் செடியைத் தேர்ந்தெடுப்பது?

கெமுனிங்: கறிவேப்பிலைக்கு நெருங்கிய உறவு. வெள்ளைப் பூ, நல்ல மணம், பளபளக்கும் சிறு இலை. கிரிஸ் கத்தியின் பிடிக்கும் உறைக்கும் பயன்படும் அளவுக்கு இதன் கட்டை உறுதியானது. உயிர்வேலிக்கும் பந்து வடிவத்துக்கும் ஏற்றது. ஆனால் எலுமிச்சை வகை மரங்களுக்கு மஞ்சள் நோயைக் கொண்டு செல்லும் சிறு பூச்சி இதிலும் தங்கிப் பெருகும். வீட்டில் எலுமிச்சையோ கஸ்தூரி எலுமிச்சையோ வைத்திருப்பவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

ஃபூக்கியன் தேயிலை: பெயரில்தான் தேயிலை, குடும்பம் வேறு. கரும்பச்சைச் சிற்றிலை, நட்சத்திரம் போன்ற வெள்ளைப் பூ, சிறு சிவப்புக் காய். வளர்ச்சி ஓரளவு நிதானமானது. பாக்ஸ்வுட்டின் தோற்றத்தை விரும்புவோருக்கு இங்கு கிடைக்கும் நெருங்கிய மாற்று இதுவே.

வாட்டர் ஜாஸ்மின்: போன்சாய் வளர்ப்போருக்கு நன்கு அறிமுகமான செடி. தலைகீழாகத் தொங்கும் வெள்ளைப் பூக்கள் மணம் வீசும். ஈரமான மண்ணை விரும்பும். தண்ணீர் வற்றினால் இலை கொட்டும்.

கெலாட் பாயா: ‘ரெட் லிப்’ என்று விற்கப்படுவது. ஒவ்வொரு முறை கத்தரித்த பின்னும் சிவந்த கொழுந்து விடும். விரைவாக வளர்வதால் உயரமான கூம்புக்கும் மதில் போன்ற வேலிக்கும் ஏற்றது. வேலையும் அதற்கேற்ப அதிகம்.

வெட்சி: சிறுவர்கள் இட்லிப்பூ என்பது. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புறத்திணை ஒன்றின் பெயராக நினைவிருக்கும். கிளை நுனியில்தான் பூக்கும் என்பதால் அடிக்கடி கத்தரித்தால் பூ குறையும். பூ வேண்டுமானால் வடிவத்தில் சற்று விட்டுக்கொடுக்க வேண்டும்.

டுராந்தா: பொன்னிற இலைக்காக விரும்பப்படுவது, மிக விரைவாக வளரும். இதன் ஆரஞ்சு நிறக் காயும் இலையும் நச்சுத்தன்மை கொண்டவை. சிறு குழந்தைகள், நாய், பூனை உள்ள வீடுகளில் வேண்டாம்.

ஜெஜாவி: ஆல் இனத்தைச் சேர்ந்தது. எந்த வடிவத்துக்கும் வளையும், விலையும் மலிவு. ஆனால் தரையில் நட்டால் இதன் வேர் வடிகாலையும் சிமெண்டுத் தரையையும் பிளந்துவிடும். இடம் குறைந்த வரிசை வீடுகளில் இதைச் சட்டியில் மட்டுமே வைக்க வேண்டும். அதையும் அவ்வப்போது நகர்த்திப் பார்த்து, வேர் துளை வழியே மண்ணுக்குள் இறங்காமல் கவனிக்க வேண்டும்.

வேறொரு வழிக்கு அண்டை நாட்டைப் பார்க்கலாம். தாய்லாந்தில் வளைந்த தண்டும் நுனிகளில் தனித்தனிப் பச்சை உருண்டைகளுமாக மரங்களை வடிவமைப்பது பழைய மரபு. பேங்காக் அரண்மனை வளாகத்தில் அத்தகைய மரங்களைக் காணலாம். அதற்கு அவர்கள் பெரிதும் பயன்படுத்தும் மரம், தமிழில் பிராய் அல்லது பராய் எனப்படுவது. திருச்சி அருகே உள்ள திருப்பராய்த்துறைச் சிவாலயத்தின் தல மரமும் அதுவே.

நடுவதும் உரமிடுவதும்

நாளொன்றுக்கு ஐந்து, ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழும் இடம் வேண்டும். சுவரை ஒட்டி வைத்தால் சுவர்ப்பக்கம் வெளிச்சமின்றி மொட்டையாகும். இரண்டடியாவது தள்ளி நடலாம். வேலிக்கு ஒன்று முதல் ஒன்றரை அடி இடைவெளி போதும்.

சட்டியில் வைப்போர், அடியில் துளைகள் நன்றாக உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தோட்ட மண், மக்கிய உரம், கரடுமுரடான மணல் கலந்த கலவையில் நீர் தேங்காது. சட்டியைச் சதுரமாக ஒரே பக்கம் விட்டுவிடாமல், வாரம் ஒருமுறை கால்வட்டம் திருப்பி வைத்தால் எல்லாப் பக்கமும் சமமாக வளரும்.

உரம் சிறுகச் சிறுக இடுவதே நல்லது. தழைச்சத்து மிகுந்த உரத்தை அள்ளிப் போட்டால் மெல்லிய நீளக் கிளைகள் பாயும், கத்தரிக்கும் வேலை கூடும், பூச்சியும் சேரும். சிமெண்டு ஓரத்தில் உள்ள வெட்சியின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து மஞ்சளித்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. சிமெண்டிலிருந்து கரையும் சுண்ணாம்பு அச்சத்தை வேர் எடுக்கவிடாமல் தடுக்கிறது.

வடிவம் கொடுப்பது

நட்ட உடனே பந்து வெட்ட முயல வேண்டாம். முதல் ஆண்டில் புதுக்கிளை ஒரு விரல் நீளம் வந்ததும் நுனியைக் கிள்ளிவந்தால் உட்புறம் அடர்த்தியாகும். அடர்ந்த செடியில்தான் வடிவம் நிற்கும்.

பந்துக்கு, கெட்டி அட்டையில் அரைவட்டம் வெட்டி அச்சாக வைத்துச் செடியைச் சுற்றி வரலாம். கூம்புக்கு, மூன்று மூங்கில் குச்சிகளை உச்சியில் சேர்த்துக் கட்டினால் அதுவே வழிகாட்டி. வேலிக்கு, இரு முனைகளிலும் கம்பு நட்டு நூல் கட்ட வேண்டும். எந்த வடிவமானாலும் சிறிது வெட்டிவிட்டு, நான்கடி பின்னால் போய்ப் பார்த்து, பிறகு தொடர வேண்டும். அதிகமாக வெட்டியதை ஒட்டவைக்க முடியாது.

வேலியில் பலரும் செய்யும் தவறு, அடியைக் குறுக்கி மேலே அகலமாக விடுவது. மேற்பகுதியின் நிழலில் அடி இலைகள் உதிர்ந்துவிடும். அடி அகலமாகவும் உச்சி சற்றுக் குறுகியும் இருந்தால் கீழ்வரை வெயில் படும். வேலி தரைவரை பச்சையாக நிற்கும்.

எப்போது, எவ்வளவு?

நம் நாட்டில் செடி ஓய்வதில்லை என்பதால், அதிகமாக எப்போதாவது வெட்டுவதைவிடக் கொஞ்சமாக அடிக்கடி வெட்டுவதே முறை. டுராந்தா, கெலாட் பாயா போன்றவற்றுக்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறையும், கெமுனிங், ஃபூக்கியன் தேயிலை போன்றவற்றுக்கு இரண்டு, இரண்டரை மாதங்களுக்கு ஒருமுறையும் கத்தரிப்பது ஏறக்குறையச் சரியாக வரும். ஒரே தடவையில் இலைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது.

உச்சி வெயிலில் வெட்டினால், அதுவரை நிழலில் இருந்த உள் இலைகள் கருகும். மாலை வேளை நல்லது. இலை நனைந்திருக்கும்போது வெட்டினால் பூஞ்சை நோய் ஒரு கிளையிலிருந்து மற்றொன்றுக்குப் பரவும். கத்தரியின் கூர் மழுங்கினால் இலை நைந்து ஓரம் பழுப்பாகும். கூர் தீட்டி, ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் ஸ்பிரிட்டால் துடைப்பது நல்ல பழக்கம். ஜெஜாவியில் வடியும் பால் சிலருக்கு அரிப்பு தரும், கையுறை வேண்டும்.

உருக்குலைந்த பழைய செடியை மீட்க ஆழமான கவாத்து தேவை. அதை வறட்சியில் செய்யாமல் மழைக்காலத் தொடக்கத்தில் செய்ய வேண்டும். முதலில் ஒரு பக்கம் மட்டும் வெட்டி, அது துளிர்த்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். இரு பக்கமும் ஒரே நாளில் வெட்டினால் செடி மீளாமல் போகக்கூடும்.

பூச்சி, கொசு, குப்பை

கத்தரித்த செடியின் உட்புறம் காற்றோட்டம் குறைவு. மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் அங்குதான் ஒளியும். இலையில் கரி படிந்தது போன்ற கரும்பூசணமும், தண்டில் எறும்பு வரிசையும் தெரிந்தால் உள்ளே பூச்சி இருக்கிறது என்று பொருள். பாதித்த கிளையை வெட்டி எடுத்து, மென்மையான சோப்புக் கரைசலோ வேப்பெண்ணெய்க் கரைசலோ மாலையில் இலையின் அடிப்புறம் படுமாறு தெளிக்கலாம். ஆண்டுக்கு இரு முறை உட்புறத்துக் காய்ந்த குச்சிகளைக் கையால் களைவது மருந்தைவிடப் பயன் தரும்.

சட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். எனவே அடித்தட்டே இல்லாமல் வைப்பது மேல். இருந்தால் வாரம் ஒருமுறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். மலேசியாவில் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ், வீட்டு வளாகத்தில் கொசுப் புழு இருப்பது குற்றம். வெட்டிய இலைகளை வடிகாலில் தள்ளினாலும் நீர் தேங்கும். அவற்றைத் திறந்தவெளியில் எரிப்பதும் சட்டப்படி குற்றமாகலாம். மூடிய தொட்டியில் இட்டு மக்கவைத்தால் அடுத்த ஆண்டுக்கான உரம் வீட்டிலேயே கிடைக்கும்.

வாங்குமுன் ஒரு கணக்கு

வாசலில் இரு பந்துச் செடிகளைக் கத்தரித்துக் கூட்டிப் பெருக்க ஒரு மாலைப்பொழுது போதும். இருபதடி வேலிக்கு அரை நாளாவது தேவைப்படும்; வேகமாக வளரும் செடியானால் அந்த அரை நாள் ஏறக்குறைய மாதந்தோறும் வரும். ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களும், பெற்றோர் மட்டும் தனியே வசிக்கும் வீடுகளும் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். நேரம் குறைவாக இருந்தால் சட்டியில் ஒரே ஒரு ஃபூக்கியன் தேயிலையோடு தொடங்கலாம். ஓராண்டு அது வடிவம் குலையாமல் நின்றால், இரண்டாவது சட்டி வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.