கொலாஜன் தூண்டும் முக ஊசிகள்

கொலாஜன் தூண்டும் முக ஊசிகள் என்பவை, வயதாலோ நோயாலோ மருந்தாலோ வற்றிப்போன முகத்தில் சதைப்பிடிப்பை மீட்க, உடலே கொலாஜன் என்னும் புரதத்தைப் புதிதாக உருவாக்கும்படி தூண்டும் பொருள்களைத் தோலுக்கடியில் செலுத்தும் சிகிச்சை. ஹயலூரானிக் அமில நிரப்பிகள் தாமே இடத்தை அடைத்து உடனே பலன் காட்டும். கொலாஜன் தூண்டும் ஊசிகளிலோ செலுத்திய பொருள் பெரும்பாலும் மெல்லச் சிதைய, அந்த இடத்தில் சொந்தத் திசு வளர்கிறது. பலன் தெரிய மாதங்கள் ஆவதும், பிழை நேர்ந்தால் எளிதில் திருத்த முடியாததும் இதனால்தான். இவற்றுள் பெரிதும் அறியப்பட்டது ‘ஸ்கல்ப்ட்ரா’ என்ற பெயரில் விற்கப்படும் பாலி-எல்-லாக்டிக் அமிலம்.

வரலாறு

இச்சிகிச்சை வேரூன்றியது எச்.ஐ.வி. மருத்துவத்தில். 1990-களில் வந்த கூட்டு மருந்துகள் உயிரைக் காத்தன. ஆனால் அவற்றுள் ஸ்டாவுடின், ஜிடோவுடின் ஆகியவை கொழுப்புச் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவைப் பாதித்தன. கன்னம் ஒட்டி, நெற்றிப்பொட்டு குழிந்து, நோயை முகமே காட்டிக்கொடுத்தது. 1999-இல் ஐரோப்பாவில் ‘நியூஃபில்’ என்ற பெயரில் பாலி-எல்-லாக்டிக் அமில ஊசிக்கு அனுமதி கிடைத்தது. பாரிஸில் 50 எச்.ஐ.வி. நோயாளிகளை 96 வாரம் கண்காணித்த ‘வேகா’ ஆய்வு, ஊசி போட்ட இடத்தில் தோல் தடிமன் கூடியதை அல்ட்ராசவுண்டு அளவீட்டில் காட்டியது.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004-இல் எச்.ஐ.வி. சார்ந்த முகக் கொழுப்பிழப்புக்கும், 2009-இல் மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்புகளைச் சீராக்கவும், 2023-இல் கன்னச் சுருக்கங்களுக்கும் அனுமதி அளித்தது. எச்.ஐ.வி. நோயாளிக்கு முக மெலிவால் மனச்சோர்வு ஏற்பட்டிருந்தால், அந்நாட்டின் மெடிகேர் காப்பீடு 2010 முதல் இச்செலவை ஏற்றது. இந்தியாவில் 2004-இல் தொடங்கிய இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளிலும் ஸ்டாவுடின் பரவலாகத் தரப்பட்டது. அதைப் படிப்படியாகக் கைவிட உலக சுகாதார நிறுவனம் 2009-இல் பரிந்துரைத்தது. பழைய தேவை குறைய, இன்று இந்த ஊசியின் பெரும்பகுதிப் பயன் அழகியல் சிகிச்சையில்தான்.

செயல்படும் விதம்

மருந்துத் துகள்கள் 40 முதல் 63 மைக்ரான் அளவுள்ளவை. இந்த அளவில் விழுங்கணுக்களால் அவற்றை எளிதில் விழுங்க முடிவதில்லை. சூழ்ந்துகொள்ள மட்டுமே முடிகிறது. வெளியே தெரியாத இந்த மெல்லிய அழற்சி ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை ஈர்க்க, அவை துகள்களைச் சுற்றிக் கொலாஜன் இழைகளை நெய்கின்றன. துகள்கள் நீரால் சிதைந்து லாக்டிக் அமிலமாகி, கடைசியில் கரியமில வாயுவாகவும் நீராகவும் வெளியேறுகின்றன. உருவான கொலாஜன் இரண்டாண்டு வரை முகத்துக்கு நிறைவு தரும்.

செலுத்தும் முறை

மருந்து உலர்ந்த பொடியாகக் குப்பியில் வருகிறது. ஒரு குப்பியில் 150 மி.கி. பாலி-எல்-லாக்டிக் அமிலம். தொடக்கத்தில் இதை 3 முதல் 5 மி.லி. நீரில் கரைத்தனர். கரைசல் கெட்டியாக இருந்தால் துகள்கள் ஓரிடத்தில் திரண்டு முடிச்சுகள் உண்டாகும் எனத் தெரிந்தபின், 8 மி.லி. நீரும் மரப்பு மருந்தான லிடோகெயின் 1 மி.லி.யும் சேர்க்கும் வழக்கம் வந்தது. உள்தோலின் ஆழத்திலோ அதற்குக் கீழோ, சில வார இடைவெளியில் பல அமர்வுகளாகச் செலுத்துவர்.

ஊசி போட்டதும் கன்னம் நிறைந்து தெரியும். அது கரைசல் நீரின் வீக்கம். சில நாளில் வடிந்துவிடும். சிகிச்சை வீணாயிற்று எனப் பலர் எண்ணுவது அப்போதுதான். நாளுக்கு 5 முறை, முறைக்கு 5 நிமிடம், 5 நாள் முகத்தைத் தேய்த்துவிடும்படி மருத்துவர்கள் சொல்வதுண்டு.

பிற பொருள்கள்

‘ரேடியஸ்’ என்பது ஜெல்லில் மிதக்கும் கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட் நுண்கோளங்கள். ஜெல் உடனடி நிறைவையும் கோளங்கள் பின்னர் கொலாஜனையும் தரும். ‘எல்லன்ஸே’ பாலிகேப்ரோலாக்டோனால் ஆனது. ‘பெல்லாஃபில்’ ஊசியிலுள்ள பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் உடலில் சிதையாமல் நிலைத்துவிடும். அதில் மாட்டுக் கொலாஜனும் இருப்பதால் முன்னதாக ஒவ்வாமைச் சோதனை தேவை.

பக்க விளைவுகளும் எச்சரிக்கைகளும்

வீக்கம், கன்றிப்போதல், வலி ஆகியவை சில நாளில் தணியும். தோலுக்கடியில் தோன்றும் முடிச்சுகள் மாதங்கள் கழித்தும் வரலாம். மருந்து தவறுதலாக இரத்தக் குழாய்க்குள் புகுந்தால் தோல் அழுகலும், அரிதாகப் பார்வையிழப்பும் நேரக்கூடும். ஹயலூரானிக் அமில நிரப்பியை ஹயலூரானிடேஸ் நொதியால் கரைத்துவிடலாம். இங்கு அத்தகைய மாற்று மருந்து இல்லை. உதட்டிலும் கண்ணைச் சுற்றியும் பாலி-எல்-லாக்டிக் அமிலத்தைத் தவிர்ப்பர். காயம் ஆறும்போது தழும்பு புடைத்து வளரும் கீலாய்டு இயல்புள்ளவர்களுக்கும், ஊசி போடும் இடத்தில் தொற்றோ அழற்சியோ உள்ளவர்களுக்கும் இது ஏற்றதன்று. முகத்தின் இரத்தக் குழாய்களின் போக்கை நன்கறிந்த, பயிற்சி பெற்ற மருத்துவரே இதைச் செய்ய வேண்டும். கொலாஜன் மெல்ல வளர்வதால், முந்தைய அமர்வின் பலனைப் பார்த்தபின்பே அடுத்த அமர்வுக்கான அளவை முடிவு செய்வர்.